சின்ன வயதில் பிஎஸ்பியில் (சோனியின் கையடக்க கேம் கருவி) கார்ட்டூன் பார்த்த சுகம் இப்போது பெரிய டிவியில் வரவில்லையே, பழைய பிஎஸ்பி ஒன்று வாங்கினால் திரும்பக் கிடைக்குமா?

வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் 2012-ஆம் வருட மின்வெட்டையும் சேர்த்து வாங்க முடிந்தால்தான் எனக்கு அந்தச் சுகம் வரும்.

நான் மதுரைப் பக்கம். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த பிஎஸ்பி 3000. உடனே 'வசதியான வீட்டுப் பிள்ளை' என்று ஆரம்பிக்காதீர்கள், வீட்டில் இன்வெர்ட்டர்கூடக் கிடையாது. கேம் டிஸ்க் வாங்கிக் கட்டுப்படியாகாது என்பதால் கார்ட்டூன் பார்த்ததுதான் அதிகம். கம்ப்யூட்டரில் டிவி டியூனர் கார்டு இருந்தது. சுட்டி டிவியில் வருவதைப் பதிவுசெய்து, பிஎஸ்பி திரைக்கு ஏற்ற 480-க்கு 272 அளவில் எம்பி4 ஆக மாற்றி, அதன் மெமரி கார்டான மெமரி ஸ்டிக்கில் ஏற்ற வேண்டும். பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. அதனால் ஏற்றி முடித்த நாலைந்து எபிசோடும் எங்களுக்கு மனப்பாடம்.

இரவில் கரண்ட் போனதும் சித்தி பிள்ளைகள் மொட்டை மாடிக்கு வந்துவிடுவார்கள். 4.3 இன்ச் திரை, இன்றைக்கு உங்கள் போனே அதைவிடப் பெரிது. எல்லோரும் தலையை முட்டிக்கொண்டு பார்ப்போம். நடுவில் இருப்பவன் கொஞ்சம் சாய்ந்தால் ஓரத்தில் இருப்பவனுக்குத் தெரியாது, அதற்கு ஒரு சண்டை. பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் ஓடினால் ஸ்பீக்கர் சத்தம் காதிலேயே விழாது. வசனத்தை நாங்களே ஆளுக்கொரு குரலில் பேசிக்கொள்வோம். 'போனில் பார்த்திருக்கலாமே' என்று கேட்பவர்களுக்கு: அப்பாவிடம் இருந்தது டார்ச் வைத்த பட்டன் போன்.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் சென்னையில் இரண்டு மணி நேரம்தான் மின்வெட்டு. எங்கள் ஊர்ப் பக்கம் பத்து மணி நேரத்துக்கு மேல் போன நாட்கள் உண்டு. மெழுகுவர்த்தியில் படித்த எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே கட்-ஆஃப். இதைப் பற்றி மட்டும் யாரும் 'அந்தக் காலம் போல வருமா' என்று பதிவு போடுவதில்லை.

சரி, வாங்குவதாக இருந்தால் பின்பக்க மூடி தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பழைய பேட்டரி உப்பியிருக்கும். மெமரி ஸ்டிக் தேடி அலைய வேண்டாம். மைக்ரோ எஸ்டி கார்டு போட்டுச் செருகும் அடாப்டர் கிடைக்கிறது.