சங்கிலி மெயிலும் ஊர்க்கூட்டப் பத்திரமும்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் எங்களுடையது. கடல்பாசி வளர்க்கும் மகளிர் குழுவுக்கு நான் தலைவி. மீன்பிடித் தடைக்காலத்தில் கணவர் தொழிலுக்குப் போகாமல் இருந்தபோது, என் நாத்தனார் ஒரு மெயில் அனுப்பினார். அதில் ஆறு பேரின் பெயரும் யுபிஐ எண்ணும் இருந்தன. ஆறு பேருக்கும் தலா 500 ரூபாய் அனுப்பிவிட்டு, முதல் பெயரை எடுத்துவிட்டுக் கடைசியில் நம் பெயரைப் போட்டு ஐந்து பேருக்கு அனுப்பினால் 97 லட்சத்து 65 ஆயிரம் வரும் என்று எழுதியிருந்தது. சங்கிலியை அறுத்தால் கடலுக்குப் போனவர் கரை திரும்ப மாட்டார் என்றும் இருந்தது. ஆசை பாதி, பயம் பாதியாக 3,000 அனுப்பினேன். குழுவில் ஒன்பது பேரைச் சேர்த்துவிட்டேன். அவர்களில் இருவர் இன்னும் ஐந்து பேரைச் சேர்த்தார்கள். அதோடு நின்றுவிட்டது. இப்போது ஒன்பது பேரும் தலா 3,000 ரூபாயை என்னிடம் கேட்கிறார்கள். மன்னிப்புக் கேட்டுக் குழுவில் வாய்ஸ் மெசேஜ் போட்டேன். இழுத்துவிட்ட நாத்தனாரோ கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் என்னைத் திருடி என்றார். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம். பணத்தை நான் கொடுப்பது, பதிலுக்கு யாரும் போலீசுக்குப் போவதில்லை என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதப் போகிறார்கள். அதற்குள் நாத்தனார் மேல் சைபர் கிரைமில் புகார் கொடுத்து அந்த 27,000-ஐ வாங்க முடியுமா? குழுவின் வங்கிக் கணக்கை நான் தொடவில்லை.

பதில்: முடியாது. புகார் கொடுக்கவும் வேண்டாம்.

நாத்தனார் பேசிய பேச்சு, கல்யாண வீட்டு அவமானம், முதலில் யார் இழுத்தது என்ற வழக்கு எதற்கும் இங்கே வேலை இல்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் போடாமல் விட்ட ஒரு கணக்கு இருக்கிறது. நீங்கள் சேர்த்த ஒன்பது பேரும் உங்கள் கணக்குக்குத் தலா 500 அனுப்பியிருப்பார்கள், அது 4,500. அவர்களுக்குக் கீழே வந்த ஐந்து பேரின் பட்டியலிலும் உங்கள் பெயர் உண்டு, அது 2,500. ஆக 7,000 வந்திருக்கிறது, 3,000 போயிருக்கிறது. ஸ்டேட்மென்டை எடுத்துப் பாருங்கள். 4,000 ரூபாய் லாபத்தில் நிற்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் நீங்கள் பணத்தைப் பறிகொடுத்தவர் இல்லை. ஆள் சேர்த்துப் பணம் பெற்றவர்.

பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம், 1978 என்று ஒரு மத்தியச் சட்டம் இருக்கிறது. ஆள் சேர்வதைப் பொறுத்துப் பணம் தருவதாகச் சொல்லும் எந்தத் திட்டமும், அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும், இதற்குள் வந்துவிடும். அதன் 3-வது பிரிவு நடத்துவதை மட்டும் தடுக்கவில்லை. உறுப்பினராகச் சேர்வது, அதற்காகப் பணம் அனுப்புவது, பணம் பெறுவது எல்லாமே தடை. 4-வது பிரிவில் தண்டனை மூன்று வருடம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தக்க காரணம் காட்டாவிட்டால் ஒரு வருடத்துக்குக் குறைக்கவும் கூடாது. பணத்தைப் போட்டு இழந்தவர்களைப் போலீசார் பெரும்பாலும் சாட்சியாகத்தான் போடுவார்கள். கீழே ஆள் சேர்த்து, அதில் பணமும் பார்த்தவரை எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராகப் போடுவார்கள். நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பாஸ்புக் சொல்லிவிடும்.

‘யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, நானும்தானே 3,000 போட்டேன்’ என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318-ன் மோசடிக் குற்றத்துக்கு அது நல்ல பதில். அங்கே வஞ்சக எண்ணத்தை நிரூபித்தாக வேண்டும். 1978 சட்டத்துக்கு அந்தப் பதில் போதாது. சேர்த்தீர்களா, பணம் வந்ததா, அவ்வளவுதான் கேள்வி. சாபத்துக்குப் பயந்து அனுப்பினேன் என்பதும் நிற்காது. மிரட்டலுக்குப் பணிந்து செய்தேன் என்று நியாய சன்ஹிதா பிரிவு 32-ல் தப்ப வேண்டுமானால், அந்த இடத்திலேயே உயிர் போய்விடும் என்ற பயம் இருந்திருக்க வேண்டும். மெயிலில் வந்த சாபம் அதில் சேராது. கடலுக்குப் போகிற வீடுகளில் அந்த வரி எப்படிக் குத்தும் என்று தெரிந்துதான் எவனோ எழுதியிருக்கிறான். அந்தப் பயத்தை நான் லேசாகச் சொல்லவில்லை; கோர்ட்டில் அது உங்களைக் காப்பாற்றாது என்பதைத்தான் சொல்கிறேன்.

இந்த மெயில் புதுசும் இல்லை. 1935-ல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் ஆறு பெயர், ஐந்து நகல், ஆளுக்குப் பத்து சென்ட் என்று இதே அமைப்பில் ஒரு கடிதம் கிளம்பி, அங்கே தபால் நிலையமே திணறியது. கணினி வந்த பிறகு 1980-களின் கடைசியிலிருந்து இதுவே மின்னஞ்சலாகச் சுற்றுகிறது. ‘அமெரிக்கச் சட்டம் தலைப்பு 18, பிரிவு 1302-ன்படி இது சட்டப்பூர்வமானது’ என்று உங்களுக்கு வந்த நகலின் அடியில் இருக்கிறது. அந்தப் பிரிவுதான் பணம் கேட்கும் சங்கிலிக் கடிதத்தை அங்கே தபாலில் அனுப்பத் தடை போடுகிறது. ‘சமையல் குறிப்புக்கான கட்டணம்’ என்று யுபிஐ குறிப்பில் எழுதச் சொன்னதும் பழைய தந்திரம். பொருளோ சேவையோ விற்ற மாதிரி காட்டப் பார்க்கிறார்கள். ‘என்ன பெயர் வைத்திருந்தாலும்’ என்ற சொற்கள் சட்டத்தில் இருப்பது இதற்காகத்தான்.

பாதியில் நின்றுவிட்டதே என்று வருத்தப்படுகிறீர்கள். நின்றதே நல்லது. ஆளுக்கு ஐந்து பேர் என்றால் ஒன்பதாவது சுற்றுக்கு மட்டும் 19,53,125 புது ஆட்கள் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் ராமநாதபுரம் மாவட்டத்தின் மொத்த ஜனத்தொகையே 13,53,445. கடைசிச் சுற்றில் இருப்பவர்கள் பணத்தை விட்டே தீர வேண்டும். யாருக்குக் கீழே அவர்கள் வந்தார்களோ அவரைத்தான் தேடுவார்கள்.

இனி, என்னிடம் வழக்குக்கு வரும் கட்சிக்காரர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, முந்திக்கொண்டு புகார். நாத்தனார் மேல் கொடுத்தால், அவரிடம் இருந்து வந்த மெயிலையும் உங்கள் ஸ்டேட்மென்டையும் இணைக்க வேண்டிவரும். போலீசிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியம் ஆகாது என்று யாராவது தைரியம் சொல்வார்கள். சொன்ன வார்த்தைக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. ஸ்டேட்மென்டில் உள்ள பதினான்கு வரவுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதை வங்கியிலிருந்து நேராக வாங்கிக்கொள்வார்கள். சிவில் வழக்கும் பிரயோஜனம் இல்லை. நாத்தனார் உங்களிடம் வாங்கியது 500 ரூபாய். சட்டம் தடுத்த ஏற்பாட்டில் இரண்டு பேரும் கை வைத்திருந்தால் கோர்ட் யாருக்கும் வசூல் பண்ணித் தராது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23. இதற்கு மாற்றாக, பழைய தேதி போட்டு நாத்தனார் பேரில் புரோநோட்டு எழுதிக் கடன் வழக்காகப் போட்டுவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். பொய்யான கோரிக்கையைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவது நியாய சன்ஹிதா பிரிவு 246-ல் தனிக் குற்றம். அந்தப் பேச்சே வேண்டாம்.

இரண்டாவது, வாய்ஸ் மெசேஜ். போலீசிடம் ஒப்புக்கொண்டது செல்லாது. குழுப் பெண்களிடம் ஒப்புக்கொண்டது செல்லும். ‘நான்தானே உங்களையெல்லாம் சேர்த்துவிட்டேன், என்னால்தானே’ என்று அழுதுகொண்டே பேசிய அந்த ஒரு நிமிடத்தை யார் வேண்டுமானாலும், இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் மின்னணுப் பதிவுக்குக் கேட்கும் 63-வது பிரிவுச் சான்றிதழோடு கோர்ட்டில் தாக்கல் செய்யலாம். இன்னொன்று போடாதீர்கள். போட்டதை எல்லோருக்கும் அழிக்கவும் செய்யாதீர்கள். சாட்சியமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை அது வரக்கூடாது என்று அழிப்பது நியாய சன்ஹிதா பிரிவு 241-ல் குற்றம். ஏற்கெனவே ஒன்பது போனில் ஏறிவிட்ட குரலை அழித்து, இல்லாத குற்றத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? நாத்தனார் அனுப்பிய மூல மெயிலையும் அப்படியே வைத்திருங்கள். உங்களுக்கு வந்த நகலில் உங்கள் பெயர் இல்லை. சங்கிலியை ஆரம்பித்தவர் நீங்கள் இல்லை என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே நல்ல ஆவணம் அது. வேறொருவருக்கு ஃபார்வர்ட் செய்து பாதுகாக்காதீர்கள். அனுப்பியவர், வந்த நேரம், வந்த வழி இருக்கும் தலைப்பு விவரம் அதில் மாறிப்போகும். ஜிமெயிலாக இருந்தால் கம்ப்யூட்டரில் திறந்து, ‘ஷோ ஒரிஜினல்’ என்பதை அழுத்தி டவுன்லோட் செய்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது.

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரம். உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே பயம் தந்தது இதுதான். ஊர்ப் பெரியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் ‘பணத்தைப் பெற்றுக்கொண்டபடியால் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதில்லை’ என்ற அந்த வரியைப் பாருங்கள். சமரசம் ஆகக்கூடிய குற்றமாக இருந்தால் அப்படி எழுதலாம். 1978 சட்டத்துக் குற்றம் அந்த வகை இல்லை. நடவடிக்கை எடுக்காமல் இருப்பதற்குப் பதிலாகப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது நியாய சன்ஹிதா பிரிவு 251-ல் குற்றம். அப்படிப் பேசி வாங்கிக்கொள்பவருக்குப் பிரிவு 250. கொடுத்த நீங்களும், வாங்கிய ஒன்பது பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு உங்களுக்கு எதிராக நீங்களே ஆவணம் உண்டாக்குகிறீர்கள். அந்த வரி சிவில் கோர்ட்டிலும் செல்லாது, நாளைக்கே ஒருவர் மனம் மாறிப் புகார் கொடுத்தால் தடுக்கவும் முடியாது. பாதுகாப்பும் இல்லை, கூடுதல் வழக்கும் வருகிறது.

ஆகவே பணத்தைக் கொடுங்கள், நிபந்தனை போடாதீர்கள். ஊர்க்கூட்டத்துக்கு முன்பாகவே, வந்த 7,000-ஐ அனுப்பிய பதினான்கு பேருக்கும், எந்தக் கணக்கில் வந்ததோ அதே கணக்கிலிருந்து, தலா 500 யுபிஐயில் திருப்பி அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்ததற்கு ருசு கிடையாது. குறிப்பில் ‘கடன்’ என்று பொய் எழுத வேண்டாம்; ‘இன்ன தேதியில் பெற்றது திருப்பம்’ என்று எழுதினால் போதும். குழுக் கணக்கு வழியாக ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. இதுவரை அதைத் தொடாமல் இருந்தீர்களே, அது பெரிய காரியம். அது முடங்கினால் குழுக் கடனும் சேர்ந்து முடங்கும்.

மீதி? ஒன்பது பேர் கேட்கும் 27,000-ல் உங்களுக்கு வந்தது 4,500 போக 22,500. அது மற்றவர்கள் கைக்குப் போன பணம். அதைக் கொடுக்கச் சொல்லி எந்தக் கோர்ட்டும் உத்தரவு போடாது. இருந்தும் சொல்கிறேன், கொடுத்துத் தீருங்கள். ஐந்து பேரைச் சேர்த்த அந்த இருவரும் சேர்ந்து 2,500 பெற்றிருக்கிறார்கள். அவர்களும் தங்களுக்கு வந்ததைத் திருப்பட்டும். உங்கள் பங்கை மூன்று நான்கு தவணையாகக் கொடுங்கள். தடைக்கால நிவாரணத்தில் இருந்து எடுத்துப் போட்டவர்களுக்கு முதலில். தீராக் கோபத்தில் ஒரே ஒருவர் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்தால் போதும், உங்கள் கணக்கு நிற்கும். சில வங்கிகள் சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் பிடித்து வைக்கும், சில முழுக் கணக்கையும் முடக்கும். மாதா மாதம் வரும் மகளிர் உரிமைத் தொகை, பாசிக்கு வரும் பணம் எல்லாம் உள்ளேயே கிடக்கும். கீழே சேர்ந்த ஐந்து பேரில் ஒருவர் கேரளாவின் நீண்டகரையில் போட்டில் வேலை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் அங்கிருந்து புகார் கொடுத்தால் முடக்கச் சொல்வது கேரளப் போலீஸ். அதை விடுவிக்க, இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 503-ல் மனுப் போட்டு அலைவதற்கும், இங்கே வழக்கானால் வாய்தா வாய்தாவாக ராமநாதபுரம் போய் வருவதற்கும், வக்கீல் பீசுக்கும் ஆகும் செலவோடு பார்த்தால் 22,500 சின்னத் தொகை.

ரசீது வாங்குங்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, வெள்ளைத் தாளில், மூன்று வரி: எந்தத் தேதியில் எவ்வளவு அனுப்பினார், எந்தத் தேதியில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது, அந்தப் பரிவர்த்தனையின் யுடிஆர் எண் (வங்கி தரும் பரிவர்த்தனை அடையாள எண்). 5,000-க்குக் கீழே என்பதால் ரெவின்யூ ஸ்டாம்ப்கூடத் தேவை இல்லை. ‘புகார்’, ‘போலீஸ்’, ‘வழக்கு’ என்ற சொல் எதுவும் அதில் வரக் கூடாது. பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும், தப்பில்லை. ஸ்டாம்ப் பேப்பர் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்றால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள். பணம் போய்ச் சேர்ந்த பிறகு அந்தப் பேப்பருக்கு அவசியமே இல்லை என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே கணக்கு முடங்கிவிட்டால் மட்டும் இந்த வழி மாறும். அப்போது கணவர் கணக்கிலிருந்து பணத்தைத் திருப்பாதீர்கள். அந்தக் கணக்கையும் இதற்குள் இழுத்துவிடுவீர்கள். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 35(3)-ல் விசாரணைக்கு நோட்டீஸ் வந்தால் வக்கீலோடு, அழைத்த தேதியில் ஆஜராகுங்கள். மூல மெயிலையும், பதினான்கு வரவும் ஆறு பற்றும் உள்ள ஸ்டேட்மென்டையும் கொடுத்து, 7,000-ஐயும் உரியவர்களுக்குத் திருப்பத் தயார் என்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் எழுத்தில் சொல்லுங்கள்.