பருத்தியா பாலியஸ்டரா என்பது இரண்டாவது கேள்வி

சின்ன அளவில் ஆடை பிராண்ட் நடத்துகிறவர்கள், நடத்த ஆசைப்படுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள்தான் இந்த முறை அதிகம். வாங்குகிறவர்கள் பக்கமிருந்தும் இரண்டு வந்திருக்கின்றன. நானும் ஒரு சின்ன பிராண்டின் உற்பத்தியைப் பார்த்துக்கொள்கிறேன், அதனால் பதில்களில் கொஞ்சம் பட்டறை வாசம் அடிக்கும்.

கேள்வி: புதிதாக பிராண்ட் தொடங்கப் போகிறேன். சுற்றுச்சூழலைக் கெடுக்காத துணி எது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள், போதும்.

அப்படி ஒரு துணி இல்லை. பருத்தி இயற்கையானது என்பது சரி, ஆனால் அதற்குப் பாய்ச்சும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மத்திய ஆசியாவில் அமு தரியா, சிர் தரியா என்ற இரண்டு நதிகளையும் 1960-களிலிருந்து பருத்தி வயல்களுக்குத் திருப்பி விட்டதில் ஏரல் கடலின் பெரும்பகுதி வற்றிப் போய், மீன்பிடிப் படகுகள் மணலில் துருப்பிடித்து நின்றன. மழையை நம்பி விளையும் பருத்திக்கு அதே கணக்கைப் போட முடியாது. ஆகவே 'ஒரு டி-ஷர்ட்டுக்கு இத்தனை ஆயிரம் லிட்டர்' என்று எல்லோரும் எழுதும் எண்ணை எடுத்து அப்படியே உங்கள் விளம்பரத்தில் ஒட்ட வேண்டாம், அது உங்கள் பருத்தியைப் பற்றி எதுவும் சொல்லாது.

விஸ்கோஸ் மரக்கூழில் செய்வது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதைச் செய்யும்போது பயன்படும் கார்பன் டைசல்ஃபைடு அங்கே வேலை செய்கிறவர்களின் நரம்புகளைப் பாதிக்கக்கூடியது. லயோசெல்லும் மரக்கூழ்தான், கூழைக் கரைக்கப் பயன்படும் கரைப்பானில் 99 சதவீதத்துக்கும் மேல் மீட்டெடுத்து மறுபடி பயன்படுத்துகிற முறை என்பதால் அது எவ்வளவோ தேவலை. மூங்கில் துணி என்று விற்கப்படுவதில் பெரும்பாலானது விஸ்கோஸ்தான், மூங்கில் கூழில் செய்த விஸ்கோஸ். இதைச் சொல்லாமல் விற்றதற்காக 2009-ல் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் சில நிறுவனங்கள்மேல் நடவடிக்கையே எடுத்தது.

நான் துணியை வேறு விதமாகத் தேர்ந்தெடுப்பேன். முதலில் இந்த உடுப்பை வாங்குகிறவர் எத்தனை வருடம் போடுவார், எத்தனை முறை துவைப்பார் என்று யோசிப்பேன். அப்புறம் முடிந்தவரை ஒரே இழை: பருத்தியென்றால் முழுக்கப் பருத்தி. பருத்தியோடு பாலியஸ்டரும், இழுத்தால் நீளும் ஸ்பாண்டெக்ஸ் இழையும் கலந்துவிட்டால் பிற்காலத்தில் அதைப் பிரித்து மறுபடி நூலாக்குவது பெரும் சிரமம். ஆர்டர் போடும் முன் ஒரு மீட்டர் வாங்கி, வாங்குகிறவர் வீட்டில் எப்படித் துவைப்பாரோ அப்படியே பலமுறை துவைத்துப் பாருங்கள். சுருங்குகிறதா, கோணுகிறதா, சாயம் போகிறதா, பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரள்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். நாலு துவைப்பில் கந்தலாகிற ஆர்கானிக் சட்டையால் யாருக்கும் லாபம் இல்லை.

கேள்வி: சான்றிதழ் உள்ள ஆர்கானிக் துணி வாங்கி, தெரிந்த தையல் கூடத்தில் தைக்கிறேன். லேபிளில் ஜி.ஓ.டி.எஸ். (ஆர்கானிக் துணிக்கான உலகத் தரச்சான்று) முத்திரை போடலாமா?

போடக் கூடாது. அந்த முத்திரை துணிக்கு மட்டுமானதில்லை. பஞ்சு ஆலையிலிருந்து நூற்பு, நெசவு, சாயம், தையல் வரை சங்கிலியில் உள்ள எல்லோரும் சான்று பெற்றிருக்க வேண்டும். நடுவில் ஒரு கண்ணி இல்லையென்றாலும் முடிந்த உடுப்பில் முத்திரை ஏறாது. அதிலும் இரண்டு நிலை உண்டு. 'ஆர்கானிக்' என்று போட குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக் இழை வேண்டும், 'ஆர்கானிக் கொண்டு தயாரித்தது' என்று போட 70 சதவீதம். விற்கிறவர் காட்டும் பொதுச் சான்றிதழோடு திருப்தி அடையாதீர்கள், அது அந்த ஆலைக்குத் தகுதி இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். உங்களுக்கு வந்த அந்தத் துணிதான் சான்று பெற்றது என்பதற்குச் சரக்கு வாரியாகப் பரிவர்த்தனைச் சான்றிதழ் என்று தனியாக ஒன்று தருவார்கள், அதைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறுகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 முத்திரையையும் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். துணியில் உடம்புக்குக் கெடுதலான பொருள் அளவுக்கு மீறி இருக்கிறதா என்று சோதித்ததற்கான முத்திரை அது. பஞ்சு எப்படி விளைந்தது, தைத்தவருக்கு என்ன கூலி என்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

கேள்வி: ஒரு டிசைனுக்கு 150 பீஸ்தான் கொடுக்கிறேன். இவ்வளவு சின்ன ஆர்டரை வைத்துக்கொண்டு 'தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடு' என்று நான் எப்படிக் கேட்பது? தணிக்கை வைக்கவும் பணம் இல்லை.

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தணிக்கை என்று வெளியாள் வந்து தொழிற்சாலையைச் சோதித்துவிட்டுப் போவதை நம்பி நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சாவரில், தையல் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன, தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த சில தொழிற்சாலைகள் ஏற்கெனவே தணிக்கை பார்த்தவைதான். தங்கள் சரக்கு அங்கே தைக்கப்பட்டது என்பதே சில பிராண்டுகளுக்குத் தெரிந்திருக்கவில்லை, ஆர்டர் கைமாறி கைமாறிப் போயிருந்தது. ஆர்டரை எடுத்தவர் வெளியே கொடுத்துத் தைக்கிறாரா என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். நேரில் போங்கள், சொல்லாமல் ஒரு முறையும் போங்கள். கதவு வெளியே பூட்டியிருக்கிறதா, மாடிப்படியில் துணி மூட்டை அடுக்கியிருக்கிறதா, கழிப்பறைக்குப் போக யாரிடமாவது கேட்க வேண்டியிருக்கிறதா, இதையெல்லாம் பார்க்க நிபுணர் தேவையில்லை.

இப்போது கூலிக்கு வருவோம். ஒரு தையல்காரர் மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் வேலை செய்தால் 12,480 நிமிடம். நூல் மாற்றுவது, பீஸ் வரக் காத்திருப்பது, பழுது எல்லாம் போக 60 சதவீதம்தான் தையலுக்குக் கிடைக்கிறது என்று வைத்தால் 7,488 நிமிடம். உங்கள் சட்டை 20 நிமிட வேலை என்றால் மாதத்துக்கு சுமார் 374 சட்டை. அந்த ஊரில் ஒரு குடும்பம் வாடகை, சாப்பாடு, பள்ளி, மருத்துவம் பார்த்துக் கொஞ்சம் மிச்சம் பிடிக்க என்ன வேண்டுமோ அதை 374-ஆல் வகுங்கள், அதற்குக் கீழே உங்கள் கூலி போகக் கூடாது. சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலி பல நாடுகளில் இதைவிடக் குறைவு.

ஆனால் இந்த 60 சதவீதம் பெரிய ஆர்டருக்கே பொருந்தும், உங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் சிக்கல். எந்தப் புது டிசைனிலும் முதல் நூறு பீஸ் மெதுவாகத்தான் போகும், கை பழகியதும் வேகம் வரும். 150 பீஸ் ஆர்டரில் கை பழகும்போது வேலையே முடிந்துவிடுகிறது! பெரிய ஆர்டருக்குப் போட்ட அதே பீஸ் ரேட்டை இதற்கும் போட்டால் நஷ்டம் முழுக்கத் தைக்கிறவர் தலையில்தான் விழும். ஆகவே சின்ன ஆர்டருக்கு பீஸ் கணக்கை விட்டு மணிக்கணக்கில் கூலி கொடுங்கள், குறைந்தபட்சம் முதல் பாதிக்காவது. இதை உங்களுக்குச் சொல்லித்தர எந்தச் சான்றிதழும் வராது.

அப்புறம், பணம் எப்போது போகிறது என்பது. துணிக்கும் கூலிக்கும் முன்பணம் பாதி, சரக்கு எடுக்கும் அன்றே மீதி. 2020-ல் ஊரடங்கு வந்ததும் பல பெரிய பிராண்டுகள் ஏற்கெனவே தைத்து முடித்த ஆர்டர்களுக்கே பணம் தராமல் நிறுத்தின, அதில் சம்பளம் இல்லாமல் வீட்டுக்குப் போனவர்கள் தையல் தொழிலாளர்கள்தான். பெரியவர்களைத் திட்டுவது எளிது. சாம்பிளை இலவசமாக மூன்று முறை மாற்றித் தைக்கச் சொல்வதும், பண்டிகைக்கு முந்தின வாரம் ஆர்டரைக் கொடுத்துவிட்டு 'எப்படியாவது முடித்துக் கொடுங்கள்' என்பதும் சின்ன பிராண்டுகளின் வழக்கம். அந்த 'எப்படியாவது'க்குப் பின்னால் யாரோ ராத்திரி ஓவர்டைம் உட்காருகிறார்கள். டிசைனை இறுதி செய்துவிட்டுத்தான் தேதி கேளுங்கள், தேதியை அவர்கள் சொல்லட்டும்.

வருடம் முழுக்கச் சீராக வரும் 150 பீஸ் ஆர்டருக்கு, ஒரே தடவை வந்து மறையும் 2,000 பீஸைவிட மரியாதை அதிகம். உங்களுக்குக் கேட்க உரிமை உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: கூலியை ஏற்றினால் விலை எகிறிவிடுகிறது. வாடிக்கையாளர் ஓடிவிடுவார்களே?

விலையை எப்படிப் போடுகிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் துணி, கூலி, பட்டன், பேக்கிங் எல்லாவற்றையும் கூட்டி மொத்தத்தை இரண்டரையால் பெருக்குகிறார்கள். கூலி 10 கூடினால் விலை 25 கூடும். அந்த 15 தைத்தவருக்குப் போகவில்லை, உங்களுக்கும் கடைக்கும்தான் போகிறது. கூலி உயர்வைப் பெருக்கலுக்கு வெளியே வைத்து, கடைசியில் அப்படியே கூட்டிக்கொள்ளுங்கள். 10 ஏறினால் 10 மட்டும். கடைக்காரர் தன் சதவீதத்தைக் கேட்பார், அவரிடம் பேசித்தான் ஆக வேண்டும். நேரடியாக விற்கிறவர்களுக்கு அந்தத் தலைவலி இல்லை.

கேள்வி: பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த உடை என்று ஒரு பிராண்ட் விளம்பரம் செய்கிறது. நல்லதுதானே? வாங்கலாமா?

பாட்டில் பிளாஸ்டிக்கும் பாலியஸ்டர்தான், புது பாலியஸ்டரைவிட அது நல்லது. ஆனால் பாட்டிலை மறுபடி பாட்டிலாக்க முடியும். உடையானபின் அது திரும்ப உடையாவது மிக அரிது, துவைக்கும்போது பிளாஸ்டிக் நுண்ணிழை உதிர்வதும் நிற்காது. அடிக்கடி துவைக்காத மழைக்கோட்டு, பை மாதிரியானவற்றுக்கு வாங்குங்கள். தினம் போடும் டி-ஷர்ட்டுக்கு வேண்டாம்.

கேள்வி: இயற்கைச் சாயம் என்றால் ரசாயனமே இல்லைதானே? குழந்தைக்கு வாங்க நினைக்கிறேன்.

அப்படிச் சொல்ல முடியாது. பெரும்பாலான இயற்கைச் சாயங்கள் துணியில் பிடிக்க படிகாரம், இரும்பு உப்பு என்று ஏதாவது ஒன்று வேண்டும். படிகாரம் பரவாயில்லை, குரோமியம் உப்பு போட்டிருந்தால் வேண்டாம். என்ன போட்டுச் சாயம் பிடிக்க வைத்தீர்கள் என்று கேளுங்கள், நிஜமாகவே சாயம் போடுகிறவர் அதைப் பெருமையாகச் சொல்வார். செயற்கைச் சாயம் எல்லாமே விஷம் என்பதும் உண்மையில்லை. நன்றாகச் சோதித்து, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பட்டறையில் போட்ட செயற்கைச் சாயத்தை, கழிவை வாய்க்காலில் விடும் இயற்கைச் சாயக்காரரைவிட நான் நம்புவேன்.

கேள்வி: மிஞ்சின ஸ்டாக்கும் வெட்டுத் துணியும் மூட்டை மூட்டையாகச் சேர்ந்துவிட்டன. என்ன செய்வது?

வெட்டுத் துணியை விடுங்கள், அதில் தலையணை உறை, பை, முடிக்கட்டு என்று எதையாவது செய்துவிடலாம். அதைவிட முக்கியம், வெட்டும் முன் துணியின்மேல் பேட்டர்னை (வெட்டுவதற்கான அச்சை) அடுக்கும்போதே கழிவைக் குறைப்பது. மிஞ்சின ஸ்டாக்தான் நிஜமான கோளாறு. பிரிட்டிஷ் சொகுசு பிராண்ட் பர்பெரி 2018-ல் வெளியிட்ட கணக்கில், முந்தைய ஓராண்டில் மட்டும் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கை அழித்தது தெரியவந்து, கண்டனம் கிளம்பியதும் அந்த வழக்கத்தையே கைவிட்டது. பிரான்சில் விற்காத துணியை அழிக்க 2022 முதல் சட்டமே தடை போடுகிறது. உங்கள் அளவில் தீர்வு எளிது: முதலில் பாதி தையுங்கள், துணியை வெட்டாமல் வையுங்கள், எந்த சைஸ் விற்கிறதோ அதை மட்டும் மறுபடி வெட்டுங்கள். சில சைஸ்கள் தீர்ந்துபோகும், சிலர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும், முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். மிஞ்சியதைத் தானம் செய்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பல நாடுகளின் பழைய துணி போய்ச் சேரும் கானாவின் காண்டமாண்டோ சந்தையில் விற்காதது கடைசியில் குப்பையாகத்தான் கிடக்கிறது.

கேள்வி: எதையும் முழுதாகச் செய்ய முடியவில்லை. ஆர்கானிக் துணி பாதிதான், பட்டன் பிளாஸ்டிக். 'சஸ்டைனபிள் பிராண்ட்' என்று போட்டுக்கொள்ளலாமா, வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட வேண்டாம், அந்தச் சொல்லைப் போடவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 செப்டம்பர் 27 முதல் 'பசுமை', 'சூழலுக்கு உகந்தது' மாதிரியான மொட்டைச் சொற்களை ஆதாரமில்லாமல் போட முடியாதபடி விதி வருகிறது. அங்கே விற்காதவர்களுக்கும் அது நல்ல வழக்கம். கையில் தாள் இருக்கிற விஷயத்தை மட்டும் எழுதுங்கள். இப்படி:

'மேல் துணி 100% பருத்தி, அதில் பாதி ஆர்கானிக். தையல் நூலும் பட்டனும் பாலியஸ்டர். ஒரே கூடத்தில் வெட்டித் தைத்தது, வெளியே கொடுக்கவில்லை. கூலி மணிக்கணக்கில். பட்டன் விழுந்தாலோ தையல் விட்டாலோ அனுப்புங்கள், இலவசமாகத் தைத்துத் தருகிறோம்.'

கடைசி வரியை எழுதும் முன் அதைச் செய்ய ஆள் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நிஜமாகவே அனுப்புவார்கள்.