பழைய தொழிற்சாலையின் மொட்டைமாடியில் போட்டோ, வீடியோ ஷூட் எடுக்க ஐரோப்பாவில் நல்ல இடம் எது?

ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால், இத்தாலியில் டூரின் நகரத்து லிங்கோட்டோவைச் சொல்வேன். ஃபியட் கம்பெனியின் பழைய கார் தொழிற்சாலை. 1916இல் கட்டத் தொடங்கி 1923இல் திறந்தார்கள். கீழ்த்தளத்தில் மூலப்பொருள் நுழையும்; மாடி மாடியாக ஏறி வண்டியாகும்; உச்சியில் ஓட்டிப் பார்ப்பார்கள். நாம் வடாம் காயப்போடும் இடத்தில் அவர்கள் ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்கு ரேஸ் டிராக்கே போட்டிருக்கிறார்கள்! 1982இல் உற்பத்தி நின்றது. இப்போது கீழே கடைகள், ஹோட்டல், கலைக்கூடம் எல்லாம் உண்டு.

மேலே போகிறவர்கள் பெரும்பாலும் ஆல்ப்ஸ் மலையைப் பின்னணியில் வைத்து எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். மலை எங்கிருந்தும் கிடைக்கும். இங்கே எடுக்க வேண்டியது வளைவுகளை. இரு முனைகளிலும் தடம் சரிந்து எழும்பி ஆள் உயரத்தைத் தாண்டிப் போகும். அதன் அடியில் கேமராவைத் தரையோடு வைத்துப் பாருங்கள்: ஃபிரேமில் கான்கிரீட்டும் வானமும்தான், நகரமே காணாமல் போய்விடும். சரிவில் நிற்பவரின் உடம்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்துகொள்ளும், போஸ் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சரிவில் ஏற விடுவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம்.

கட்டடம் ஏறத்தாழ வடக்கு தெற்காக நீண்டிருப்பதால் மாலை வெயில் தடத்தின் குறுக்கே விழும். நீள நிழல் வேண்டுமென்றால் அந்த நேரம்தான். நடுப்பகலில் வெளிறிய கான்கிரீட் கண்ணைக் கூசும். முகத்தில் அடியிலிருந்து வெளிச்சம் அடிக்கும். எனக்குப் பிடிக்காது.

வெறும் கான்கிரீட் வெளியை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். 2021இல் அதைத் தோட்டமாக்கி 40,000க்கும் அதிகமான செடிகளை வைத்துவிட்டார்கள். 1969இல் வந்த 'தி இட்டாலியன் ஜாப்' படத்தில் மினி கூப்பர் என்ற பிரிட்டிஷ் கார்கள் பறந்த (அதுவும் ஃபியட் மாடியில்!) அந்த மொட்டைத் தடம் இனி அப்படியே கிடைக்காது. செடி உங்கள் கதைக்கு ஒத்துவராது என்றால் வளைவோடு நின்றுகொள்ளுங்கள்.

பொதுமக்கள் வந்துபோகும் இடம் இது. விளக்கு, ஸ்டாண்டு, ஆட்கள் என்று போவதாக இருந்தால் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிவிடுங்கள். அப்புறம், கார்கள் மாடிக்கு ஏறி இறங்கிய சுழல் சாய்தளத்தையும் பார்க்கக் கேளுங்கள். அதன் அடிப்பக்கத்துக் கான்கிரீட் விட்டங்கள் நடுவிலிருந்து விரிந்து போகும் அழகுக்காகவே ஒரு வைடு லென்ஸ் கொண்டுபோகலாம்.