பிள்ளைகளோடு கேப் டவுன், டர்பன்: ரயிலா, விமானமா?

தம்பி, தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் நடுவே இருக்கும் மிட்ராண்டில் வந்து இறங்கியதும் ஊர் சுற்றத் திட்டம் போட்டுவிட்டீர்கள், நல்லது. நான்கு வயது மகளையும் ஒரு வயது மகனையும் அழைத்துக்கொண்டு டிசம்பரில் கேப் டவுனுக்கும் ஈஸ்டருக்கு டர்பனுக்கும் போக ரயில் நல்லதா, விமானம் நல்லதா என்று கேட்டிருந்தீர்கள்.

பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, பிள்ளைகளைத் தூங்க வைத்து, விடிந்ததும் மதுரையில் இறங்கும் கணக்கை இங்கே மறந்துவிடுங்கள். கேப் டவுனுக்கு ரயில் பாதை 1,500 கிலோமீட்டருக்கு மேல். கிம்பர்லி தாண்டி, கரூ வறண்ட நிலத்தைக் கடந்து போகும் அருமையான வழிதான். ஆனால் அட்டவணைப்படியே ஒரு நாளுக்கு மேல் ஆகும். மின்கம்பித் திருட்டால் நடுவழியில் நின்றால் இன்னும் நீளும். போதாக்குறைக்கு, 2020 பெருந்தொற்றுக்குப் பிறகு நெடுந்தூர ரயில் சேவை பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. பிரிட்டோரியாவிலிருந்து கிளம்பும் புளூ டிரெயின் சொகுசு ரயில். தரையில் தவழும் பிள்ளைக்காக யாரும் அவ்வளவு பணம் கொடுக்க வேண்டாம்.

ஆகவே கேப் டவுனுக்கு விமானம்தான். இரண்டு மணி நேரப் பயணம். மகனுக்கு இரண்டு வயது நிறையும்வரை மடியிலேயே உட்கார வைக்கலாம். மகளுக்குத் தனி இருக்கை வாங்க வேண்டும். மலிவு டிக்கெட்டில் பெரும்பாலும் பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு, அதையும் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள். விமானம் இறங்கத் தொடங்கும்போது சின்னவனுக்குப் பால் கொடுத்தால் காது வலிக்காது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் விலை ஏறிவிடும், இப்போதே வாங்கிவிடுங்கள்.

டர்பன் விஷயம் வேறு. விமானம் ஒரு மணி நேரம்தான், ஆனால் கிங் ஷாக்கா விமான நிலையம் ஊருக்கு வடக்கே லா மெர்சியில் இருக்கிறது. அங்கிருந்து நகரத்துக்கு ரயில் கிடையாது. வடக்கே இருக்கும் போனிக்ஸ், டோங்காட் பக்கம் உறவினர் இருந்தால் அது வசதி. சாட்ஸ்வொர்த் என்றால் நகரத்தையும் தாண்டிப் போக வேண்டும். அங்கே சுற்ற எப்படியும் கார் வேண்டுமே! அதனால் என் ஓட்டு சொந்தக் காருக்குத்தான். என்3 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். ஹாரிஸ்மித்தில் நிறுத்திப் பிள்ளைகளை ஓடவிடுங்கள். வான் ரீனன் கணவாயில் மூடுபனியும் லாரிகளும் இருக்கும், பகலிலேயே கடந்துவிடுங்கள். ஈஸ்டர் வியாழன் மாலை மட்டும் கிளம்பவே கிளம்பாதீர்கள், ஜோகன்னஸ்பர்க்கே அந்தச் சாலையில்தான் நிற்கும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காரில் குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை கட்டாயம், சட்டமே அப்படித்தான்.

மகள் ரயில் ஏறியே தீர வேண்டும் என்று அடம்பிடித்தால் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா வட்டாரத்தில் ஓடும் விரைவு ரயிலான கௌட்ரெயின் இருக்கிறது. கேப் டவுன் விமானத்துக்குப் போகும்போது மிட்ராண்டில் ஏறி, மார்ல்பரோவில் மாறினால் ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்துக்குள்ளேயே இறங்கலாம். விமான நிலையத்துக்கான ரயில் கட்டணம் மற்ற நிலையங்களைவிட அதிகம். ரயிலுக்குள்ளே சாப்பிடக் கூடாது, சூயிங்கம்கூட மெல்லக் கூடாது. இட்லிப் பொட்டலத்தை வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.