பொரியலில் ஒளிந்திருக்கும் எண்ணெய்: கலோரி கணக்கு கேள்வி பதில்

பதினெட்டு வருடமாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். நான்கு வருடம் முன்பு என் எடையே 78 கிலோவைத் தொட்டபோதுதான், மற்றவர்களுக்குச் சொன்னபடி நானும் சாப்பிடுவதையெல்லாம் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எழுதிய பிறகுதான் எங்கே தப்புகிறது என்று புரிந்தது. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேடம், வயது 42, எடை 74 கிலோ, உயரம் 158 செ.மீ. தினமும் 1,200 கலோரிதான் சாப்பிட வேண்டும் என்கிறார்களே, சரியா? (தஞ்சாவூர்)

எல்லோருக்கும் ஒரே 1,200 கிடையாது. எடையைப் பத்தால் பெருக்குங்கள், 740. உயரத்தை 6.25-ஆல் பெருக்கினால் 987. இரண்டையும் கூட்டி, வயதின் ஐந்து மடங்கு 210-ஐயும், பெண்களுக்கான 161-ஐயும் கழித்தால் சுமார் 1,350 வரும். சும்மா படுத்திருந்தாலே உங்கள் உடம்பு செலவழிப்பது அவ்வளவு. (ஆண்களுக்கு 161-ஐக் கழிக்காமல் 5-ஐக் கூட்ட வேண்டும்.) வீட்டு வேலை, கொஞ்சம் நடை என்றால் அதை 1.4-ஆல் பெருக்குங்கள், ஏறக்குறைய 1,900. அதில் 400 குறைத்து 1,500-இல் ஆரம்பியுங்கள். ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி. ஆக மாதம் ஒன்றரை கிலோ இறங்கும். போதும். 1,200-இல் ஆரம்பித்தவர்கள் பாதிப்பேர் மூன்றாவது வாரம் பஜ்ஜிக் கடையில் நிற்பார்கள், பார்த்திருக்கிறேன்.

அக்கா, சப்பாத்தி, முட்டை எல்லாம் எண்ணிவிடலாம். சாம்பார், பொரியலை எப்படி எண்ணுவது? ஆப்பில் தேடினால் ஒவ்வொன்றும் ஒரு கணக்கு சொல்கிறது. (மதுரை)

இதுதான் உண்மையான கேள்வி. ஆப்பில் இருப்பது யாரோ ஒருவர் வீட்டுச் சாம்பார். உங்கள் வீட்டுச் சாம்பாரை நீங்கள்தான் எண்ண முடியும். தட்டை எண்ணாதீர்கள், பாத்திரத்தை எண்ணுங்கள்.

ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். பாத்திரத்தின் வெறும் எடையை ஒருமுறை குறித்து வையுங்கள். துவரம்பருப்பு 100 கிராம் போட்டால் சுமார் 335 கலோரி. காய், வெங்காயம், தக்காளி எல்லாம் சேர்ந்து 100. தாளிக்க ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய், 125. மொத்தம் 560. கொதித்து இறக்கிய சாம்பார் 1,400 கிராம் இருந்தால், 100 கிராமுக்கு 40 கலோரி. இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டாலும் 80 தான். சாம்பார் பாவம், அதன்மேல் பழி போட வேண்டாம்.

இப்போது பீன்ஸ் பொரியலைப் பாருங்கள். கால் கிலோ பீன்ஸ் 80 கலோரிக்குள் முடிந்துவிடும். கண்ணளவில் ஊற்றும் எண்ணெய் இரண்டு மேஜைக்கரண்டி, 250. மேலே தூவும் தேங்காய் 50 கிராம், சுமார் 180. ஆக 510 கலோரியில் காய்க்கு உரியது ஆறில் ஒரு பங்குகூட இல்லை! "நான் காய்தானே சாப்பிடுகிறேன், ஏன் குறையவில்லை" என்று கேட்பவர்களிடம் முதலில் எண்ணெய்த் தூக்கைத்தான் விசாரிப்பேன்.

அன்றாடம் அளக்க முடியாவிட்டால் மாதக் கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 8,200 கலோரி. நாலு பேர் இருக்கும் வீட்டில் மாதம் நாலு லிட்டர் தீர்ந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 270 கலோரி எண்ணெயிலிருந்து மட்டும். செக்கு எண்ணெயோ ரீஃபைண்டோ, நெய்யில் மிகச் சொற்ப ஈரம் இருப்பதைத் தவிர, கொழுப்பென்றால் கிராமுக்கு ஒன்பதுதான்.

மூலப்பொருள் கணக்குக்கு, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணையைப் பாருங்கள். 528 உணவுகள் இருக்கின்றன. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் அந்த நிறுவனம் 1918-இல் தொடங்கியது நம் குன்னூரில்தான்.

அரிசியை வேகவைக்கும் முன் எடை போடுவதா, சோறாக்கிய பிறகா?

எப்படிப் போட்டாலும் சரி, எழுதும்போது மாற்றிவிடாதீர்கள். அரிசி 100 கிராம் 350 கலோரி, சோறு 100 கிராம் 130. 200 கிராம் சோற்றை அரிசிக் கணக்கில் எழுதினால் 260 கலோரி 700 ஆகிவிடும், பயந்துபோய் அன்று பட்டினி கிடப்பீர்கள்.

காபியையுமா எழுதணும்? நாட்டுச்சர்க்கரைதான் போடுகிறேன். (கும்பகோணம்)

எழுதணும். 100 மில்லி பால், டோன்டு என்றால் 60, ஃபுல் கிரீம் என்றால் 90-ஐ நெருங்கும். சர்க்கரை இரண்டு டீஸ்பூன் 40. நாளைக்கு நாலு டம்ளர் என்றால் 400-இலிருந்து 500. முதல் கேள்வியில் கஷ்டப்பட்டுக் குறைத்த 400 இங்கேயே போய்விட்டது. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, வெல்லம் எல்லாம் கலோரியில் வெள்ளைச் சர்க்கரைக்கு ஒன்றுவிட்ட தம்பிகள்தான். காபியை விடச் சொல்லவில்லை, நானே விடவில்லை. டம்ளரைச் சின்னதாக்கினேன்.

சார்/மேடம், பத்து நாளாக 1,600 தாண்டவில்லை. எடை அசையவே இல்லை. (திருப்பூர், நைட் ஷிஃப்ட்)

மேடம்தான். பத்து நாள் போதாது. ஊறுகாய், கருவாடு, கடைச் சாப்பாடு என்று உப்பு ஏறினால் மறுநாள் ஒரு கிலோவரை தண்ணீர் நிற்கும். பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டியும் அப்படித்தான். தினமும் தூங்கி எழுந்து, கழிவறை போய்வந்த பிறகு எடை பாருங்கள், ஆனால் வாராந்திர சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மூன்று வாரம் சராசரி நகரவில்லை என்றால், நோட்டில் ஏறாத ஏதோ ஒன்று வாயில் ஏறுகிறது. ஷிஃப்ட் நடுவே டீயும் பன்னும் எழுதினீர்களா?

எனக்கு 58 வயது, சர்க்கரை வியாதி, மாத்திரையும் இன்சுலினும் உண்டு. நானும் குறைக்கலாமா? (நாகர்கோவில்)

ஐயா, மருத்துவரைப் பார்க்காமல் வேண்டாம். சாப்பாட்டைக் குறைத்து மருந்தின் அளவு அப்படியே இருந்தால், சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். எவ்வளவு குறைக்கப் போகிறீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள், மருந்தை அவர் மாற்றட்டும். அப்புறம் தராசு வாங்கலாம்.

அக்கா, 19 வயது, 160 செ.மீ., 49 கிலோ. 800 கலோரிதான் சாப்பிடுகிறேன், 42 ஆகணும். 801 ஆனால் அழுகை வருகிறது.

உங்களுக்குக் கணக்கு சொல்ல மாட்டேன்மா. 160 செ.மீ. உயரத்துக்கு 49 கிலோ சரியான எடை, குறைக்க அதில் எதுவும் இல்லை. ஒரு எண்ணுக்காக அழுகை வருகிறதென்றால் எண்ணுவதை இன்றே நிறுத்துங்கள், ஆப்பை அழித்துவிடுங்கள். அம்மாவிடமோ நெருங்கிய ஒருவரிடமோ இதே வரிகளைச் சொல்லி, மருத்துவரிடமும் மனநல ஆலோசகரிடமும் போய் வாருங்கள். இது சோம்பலோ பலவீனமோ இல்லை, சிகிச்சை உள்ள பிரச்சினை.

ஓட்டலில் சாப்பிட்டால்?

தோராயமாக எழுதி, அதில் கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். பரோட்டாக் கல்லில் ஊற்றுகிற எண்ணெயை மாஸ்டரே எண்ணுவதில்லை.

பிள்ளை தட்டில் மிச்சம் வைப்பதைத்தான் நான் சாப்பிடுகிறேன். வீணாகக் கூடாதே என்று. அதையும் எழுதுவதா? (சேலம்)

என் நோட்டிலும் அதுதான் கடைசியாக மாட்டியது. அரை தோசை, ரெண்டு வாய் தயிர்சாதம், கடித்து வைத்த பிஸ்கட். ஒரு வாரம் எழுதிக் கூட்டிப் பார்த்தேன், ஒரு நாளைக்கு 200 கிட்டே வந்தது. இப்போது பிள்ளைக்கு முதலில் பாதிதான் வைக்கிறேன், கேட்டால் மறுபடி. அதையும் மீறி மிஞ்சினால் மாடிச் சுவரில் காக்கைக்கு. அவை வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.