மேல்முதுகு வலியும் மூச்சுவாங்கலும்: வாயு என்று விட்டுவிடலாமா?

கேள்வி: உசிலம்பட்டி அருகே கிராமத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 57, பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. இரண்டு மாதங்களாக, விடியற்காலையில் மல்லிகைப்பூப் பறித்துக் கூடையோடு வரப்பில் நடக்கும்போது மேல்முதுகு கடுக்கிறது, மூச்சு வாங்குகிறது, நெஞ்சு கரிக்கிறது என்கிறார். சற்று உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. வாயு என்று மாத்திரை கொடுத்தார்கள். ஒருமுறை எடுத்த ஈசிஜியும் நார்மல். இதற்குமேல் பார்க்க வேண்டுமா?

பதில்: பார்க்கத்தான் வேண்டும், இந்த வாரத்திற்குள்ளாகவே. அதுவரை அம்மா சுமை தூக்க வேண்டாம். நீங்கள் எழுதியவற்றுள் முக்கியமான செய்தி, சுமையோடு நடக்கையில் வந்து உட்கார்ந்தால் அடங்குகிறது என்பதுதான். உழைக்கும்போது வந்து ஓய்வில் போகும் தொந்தரவு முதுகில் இருந்தாலும், தாடையில் இருந்தாலும், மேல்வயிற்றில் இருந்தாலும், இதயத் தசைக்குப் போதிய ரத்தம் கிடைக்காததன் அடையாளமாக இருக்கக்கூடும். வாயு மாத்திரையில் கொஞ்சம் குறைந்தாலும், அதை வைத்து இதயத்தில் கோளாறில்லை என்று முடிவுகட்ட முடியாது.

ஈசிஜியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வலி இல்லாத வேளையில் படுக்கவைத்து எடுக்கும் ஈசிஜி, ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கும் சீராகவே இருக்கலாம். அதோடு, ரவிக்கையைத் தளர்த்த அம்மா கூச்சப்படுவார், எடுப்பவரும் சங்கடப்படுவார். விலா எலும்புகளை எண்ணி மார்பில் பொருத்த வேண்டிய ஈசிஜி கம்பிகளின் முனைகளை, இடம் கிடைத்த இடத்தில் மேலேயோ கீழேயோ ஒட்டிவிடுவது உண்டு. முனை இரண்டு விரற்கடை இடம் மாறினாலே தாளில் விழும் கோடும் மாறிவிடும். இல்லாத மாரடைப்பைக் காட்டவும் இருப்பதை மறைக்கவும் அது போதும். ஆகவே முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கையோடு அழைத்துச் செல்லுங்கள். பெண் ஊழியரும் மறைப்புத் திரையும் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

பெண்களுக்கு மாரடைப்பில் நெஞ்சுவலியே வராது என்று இப்போது பரவலாகச் சொல்லப்படுவது சரியல்ல. அவர்களுக்கும் நெஞ்சுவலிதான் முதன்மையான அறிகுறி. ஆனால் மூச்சுத்திணறல், குமட்டல், முதுகு அல்லது தாடை வலி, வழக்கத்துக்கு மாறான அசதி ஆகியவை ஆண்களைவிடக் கூடுதலாகச் சேர்ந்துகொள்வதால், கேட்பவரின் கவனம் வேறு பக்கம் போய்விடுகிறது. நெடுநாள் சர்க்கரை நோய் நரம்புகளைப் பாதித்திருந்தால் வலியும் மங்கித் தெரியும். இந்தக் கவனக்குறைவு நம் ஊரில் மட்டும் உள்ளதன்று. மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் உதவுமா என்று அமெரிக்காவில் நடந்து 1989இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில் பங்கேற்ற 22,071 மருத்துவர்களும் ஆண்களே. ஆணைப் போன்ற நோய்க்குறியைக் காட்டினால்தான் பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான சிகிச்சை கிடைக்கிறது என்று பெர்னடின் ஹீலி என்ற இதய மருத்துவர் 1991இல் எழுதினார். அந்த நிலை இன்னும் முழுதாக மாறிவிட்டதாக நான் கருதவில்லை.

மருத்துவரிடம் அம்மாவே பேசட்டும். உடன் வரும் கணவரோ மகனோ முந்திக்கொண்டு ‘கேஸ் ட்ரபிள் சார்’ என்று சொல்லிவிட்டால், பாதி விசாரணை அங்கேயே நின்றுவிடுகிறது. எவ்வளவு தூரம் நடந்தால் வருகிறது, எத்தனை நிமிடத்தில் அடங்குகிறது, தூரம் வரவரக் குறைகிறதா என்பனவற்றை அவர் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறியதா, அப்போதே சர்க்கரை இருந்ததா, மாதவிடாய் எந்த வயதில் நின்றது என்பவற்றையும் கேளாமலே சொல்லிவிடுங்கள். முப்பது ஆண்டுக்கு முந்தைய பிரசவக் கதை எதற்கு என்று தோன்றும். கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதமும் போனவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு.

எக்கோ (இதயத்தின் ஸ்கேன்), டிரெட்மில் (ஓடும் பட்டையில் நடக்கவைத்து எடுக்கும் ஈசிஜி), தேவைப்பட்டால் சிடி ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்களின் அடைப்பைப் பார்க்கும் ஸ்கேன்) என்று மருத்துவர் படிப்படியாகச் செல்வார். டிரெட்மில் சோதனைக்குச் சேலையோடு ஓட முடியாது. சுடிதார் எடுத்துப் போங்கள். ஆஞ்சியோவில் பெரிய அடைப்பு இல்லை என்று வந்தாலும், நுண்ணிய ரத்தக்குழாய்களின் கோளாறு பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுவதால், ‘எல்லாம் மனக்கவலை’ என்ற பதிலோடு திரும்பிவிடாமல் அதைப் பற்றியும் கேளுங்கள்.

இதற்கிடையில் ஓய்வாக இருக்கும்போதே வலியோ மூச்சுத்திணறலோ வந்து 10 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், வியர்த்துக் கொட்டினாலும், ஆண்கள் வீடு திரும்பட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். மதுரைக்குப் பேருந்தில் ஏற்ற வேண்டாம். தமிழக அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் வேளையாகக் கொடுத்து அனுப்ப முடியும். மருத்துவமனையில் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கப்பட வேண்டும். இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்துக்கான பரிசோதனை முதல்முறை சரியாக இருந்தாலும் சில மணி நேரத்தில் மறுபடி பார்ப்பதே முறை. மிகச் சிறிய அளவையும் கண்டறியும் நுண்ணிய வகை ட்ரோபோனின் சோதனையில் பெண்களுக்கான வரம்பு ஆண்களுடையதைவிடக் குறைவு.

பழைய ஈசிஜி தாளைத் தேடி எடுத்து இன்றே ஜெராக்ஸ் போட்டுவிடுங்கள். அந்த வெப்பத்தாளில் கோடுகள் நாளடைவில் மங்கிவிடும். புதிதாகப் பார்ப்பவருக்கு ஒப்பிட அது கட்டாயம் வேண்டும்.