ஃபங்ஷன் என்ன திருப்பித் தருது? ஜாவாஸ்கிரிப்ட்டில் ப்ராக்ஸி வைத்துப் பார்ப்பது: கேள்வி பதில்

கடலூர் முதுநகர்: மீன் ஏலக் கணக்கு ஆப். கமிஷன் போடுற ஃபங்ஷன் சில லாட்டுக்கு மட்டும் என்ஏஎன் (‘எண் அல்ல’ங்கிற மதிப்பு) தருது. கூப்பிடுற இடம் முப்பது இருக்கு. எல்லாத்துலயும் கன்சோல் லாக் போடணுமா சார்?

வேண்டாம். அந்த ஃபங்ஷனை டார்கெட்டாக வைத்து ஒரு ப்ராக்ஸி செய்யுங்கள், அதாவது அசலுக்கு முன்னால் நின்று கூப்பிடுவதை இடைமறிக்கும் உறை. இடைமறிக்கும் ஃபங்ஷன்களை (ட்ராப்) வைக்கும் ஹேண்ட்லரில் ‘அப்ளை’ ட்ராப் மட்டும் போதும். டார்கெட், திஸ் (எந்த ஆப்ஜெக்ட்டின் மேல் கூப்பிட்டார்கள் என்பது), ஆர்க்யுமென்ட் அரே என்று மூன்று அதற்கு வரும். மூன்றையும் அசலைக் கூப்பிடும் ரிஃப்ளெக்ட் டாட் அப்ளைக்குக் கொடுத்து, வந்த மதிப்பை ஆர்க்யுமென்ட்டோடு லாக் செய்துவிட்டு, அதே மதிப்பை ரிட்டர்ன் செய்யுங்கள். இந்தக் கடைசி ரிட்டர்னை மறந்தால் முப்பது இடத்திலும் அன்டிஃபைன்ட்தான். பழைய பெயரிலேயே கூப்பிடும் வரிகள் ட்ராப்புக்குள் வராது, ஆகவே எக்ஸ்போர்ட் செய்யும் இடத்திலேயே ப்ராக்ஸியை வையுங்கள். எடை ‘12 கிலோ’ என்று ஸ்ட்ரிங்காக வருகிறதா என்று முதலில் பாருங்கள். அதைப் பெருக்கினால் என்ஏஎன்தான் வரும்.

லாஸ்பேட்டை: எனக்கு லாகில் ‘ப்ராமிஸ், பெண்டிங்’னு மட்டும்தான் வருது.

அசிங்க் ஃபங்ஷன் தருவதே ப்ராமிஸ்தான், அதாவது பிறகு வரப்போகும் மதிப்புக்கான சீட்டு. அதற்காக ட்ராப்பை அசிங்க் ஆக்கிவிடாதீர்கள். சாதாரண ஃபங்ஷனும் ப்ராமிஸ் தர ஆரம்பித்துவிடும். வந்ததில் ‘தென்’ இருந்தால் தனிக் கிளையாக அதை லாக் செய்து, மூல ப்ராமிஸையே திருப்பிக் கொடுங்கள். தென்னுக்கு எரர் ஹேண்ட்லரும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் லாக் கிளையே கவனிக்கப்படாத ரிஜெக்‌ஷனாகி, நோட்.ஜேஎஸ் 15 முதல் ப்ராசஸையே கவிழ்த்துவிடும்.

நெல்லிக்குப்பம்: கிளாஸ் ஆப்ஜெக்ட்டில் இருக்கிற எல்லா மெத்தடையும் ‘கெட்’ ட்ராப்பில் (ப்ராப்பர்ட்டியைப் படிக்கும்போது ஓடுவது) சுற்றினேன். பிரைவேட் ஃபீல்டில் டைப்எரர்.

இதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். மெத்தடைக் கூப்பிடும்போது திஸ் ஆக வருவது ப்ராக்ஸி. கிளாஸுக்குள் மட்டும் தொட முடிகிற பிரைவேட் ஃபீல்டு இருப்பது அசல் ஆப்ஜெக்ட்டில். மேப், செட், டேட் எல்லாவற்றிலும் இதே கதை. அப்ளை ட்ராப்பில் திஸ் உங்கள் ப்ராக்ஸியாக இருந்தால் அசலை வைத்துக் கூப்பிடுங்கள். அப்படிச் செய்தால் ஒரு மெத்தட் இன்னொன்றை உள்ளுக்குள் கூப்பிடுவது லாகில் வராது. அந்த நஷ்டத்தை ஏற்கலாம் என்பது என் கட்சி.

இன்னொன்று: ஒவ்வொரு முறையும் கெட் புது ப்ராக்ஸி தந்தால், ஈவென்ட் லிஸனரைச் சேர்த்த பிறகு நீக்க முடியாது, இரண்டும் வேறு வேறு ஃபங்ஷன். ஒரு வீக்மேப்பில் (ஆப்ஜெக்ட்டையே சாவியாக வைக்கும் பட்டியல்) சேமித்து, அதையே திரும்பத் தாருங்கள். ஃப்ரீஸ் செய்த, அதாவது மாற்ற முடியாதபடி பூட்டிய, ஆப்ஜெக்ட்டாக இருந்தால், கெட்டில் வேறு மதிப்பைத் தந்தவுடன் டைப்எரர் வரும். அங்கே காலி ஆப்ஜெக்ட்டை டார்கெட்டாக வைத்து, அசலிலிருந்து படிக்க வேண்டும்.

வில்லியனூர்: லாகில் விரிச்சுப் பார்த்தா அப்புறம் மாறின மதிப்பு தெரியுதே?

விரிக்கும் நேரத்து நிலையைத்தான் டெவ்டூல்ஸ் காட்டும். ஸ்ட்ரக்சர்ட் க்ளோன் (உள்ளடக்கத்தோடு தனி நகல்) எடுத்து லாக் செய்யுங்கள். உள்ளே ஃபங்ஷன் இருந்தால் அது எரர் தரும் என்பதால் ட்ரை கேட்சுக்குள் வையுங்கள். மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டர் திருப்பித் தந்ததை மட்டும் லாகுக்காக ஓட்டிப் பார்க்காதீர்கள், கூப்பிட்டவருக்கு ஒன்றும் மிஞ்சாது.